மயிலாத்தாளின் மங்கின மணி

கண்ணுகளா, தாலிக்கயித்துல எட்டுப் பவளம் பளபளன்னு மின்ன, நட்ட நடுவுல ஒரு மணியை மட்டும் மங்கலாக் கோக்குற ஊரு எதுன்னு தெரியுமா? நம்ம ஊமத்தங்காடுதான். அதுக்குக் காரணம் மயிலாத்தாளாம்.

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்த ஊருக்கு வண்டித்தடம் மட்டும் இருந்த நாள்ல, கல்யாணப் பொண்ணு பொறந்த வூட்டுப் பவளத்தோடதான் வரோணுமாம். ஊருக் கிணத்துமேட்டுல மாமியா அதைக் கன்னத்துல வெச்சுப் பாப்பாளாம். குளுந்தா நெசம், சுட்டாப் போலி. அத்தனை பேரும் அப்படித்தான் நம்பினாங்களாம்.

மயிலாத்தாளுக்குத் தாய் இல்லை. தாய் விட்டுட்டுப் போன ஒம்பது பவளம்தான் இருந்துச்சாம். அதுல ஒண்ணு மங்கல். அதைக் கழுத்துல போட்டுக்கிட்டு, சித்திரை வெயில்ல வண்டி கட்டி, உச்சிப்பொழுதுக்கு அப்பனோட வந்து எறங்கினாளாம்.

மாப்பிள்ளையோட அம்மா நாச்சாயி பவளத்தை வாங்கிக் கன்னத்துல வெச்சா. வெச்ச வேகத்துல எடுத்தா.

"ஐயோ, சுடுது! இதுல ஒண்ணு சாயமே போயிருச்சு. அரக்கை உருட்டி ஏமாத்த வந்துட்டாங்க! இந்தப் பொட்டியில இருக்கற என்ற பவளத்தைப் பாருங்க, போன மாசம் ஊசிமணிக்காரன்கிட்ட வாங்குனது. பனிக்கட்டியாட்டம் எப்படிக் குளுகுளுன்னு இருக்குது! வண்டியைத் திருப்புங்க!"

அப்பன் தலைகுனிஞ்சு மாட்டைப் பிடிச்சாராம். "வா சாமி, போயிரலாம்."

மயிலாத்தா அசையவே இல்லையாம்.

"திரும்பிப் போறதுக்கு நான் வரலைங்க அப்பா. இப்பப் போனா, செத்த எங்கம்மாளையும் திருடின்னுதான் பேசுவாங்க. ஏனுங்க அத்தை, வெயில்ல வேகற கழுத்துல கிடந்த மணி சுடாம என்ன பண்ணும்? உங்களுது பொட்டிக்குள்ள கிடந்துச்சு, குளுருது."

"வாயைப் பாரு வாயை! இன்னும் படியே ஏறலை!"

திட்டினா திட்டட்டும்னு, கண்ணேறுக்குக் கையில குடுத்திருந்த எலுமிச்சம்பழத்தைப் பிச்சாளாம். குடம் வெச்சு வெச்சுத் தேஞ்ச கல்லுக்குழியில சாறைப் பிழிஞ்சா. மங்கின மணியை அவுத்து அதுல போட்டா. பொசுபொசுன்னு நுரை வந்துச்சாம்.

"பாத்தீங்களா, அழியுது!"ன்னு நாச்சாயி கைகொட்டினா. தன்ற மணி ஒண்ணையும் போட்டா. அதைச் சுத்தி நுரையும் இல்லை, ஒண்ணும் இல்லை. கம்முனு கிடந்துச்சாம். "என்ற மணி கெடவே இல்லை! இதுதான் பவளம்!"

கூட்டமே சிரிச்சுதாம். மயிலாத்தா மட்டும் சிரிக்கலை. நேரா வண்டி மாட்டுக்கிட்டப் போனா. கழுத்துப்பட்டையில இருந்து ஒரு சோழியைப் பிச்சா. எல்லாருக்கும் காட்டினா.

"இது எங்கிருந்து வந்துச்சுங்க?"

"கடல்ல இருந்து. இதைக்கூடத் தெரியாதவங்களா நாங்க?"

சோழியைத் தட்டி உடைச்சுக் குழியில போட்டா. பொசுபொசுன்னு அதுவும் நுரைச்சுதாம். கூட்டம் குழியை எட்டிப் பாத்துச்சு.

"பவளமும் கடல்ல வளந்ததுதானுங்க. புளிப்புப் பட்டாப் பொங்கும். சின்னப்பிள்ளையில நான் ஊறுகாய் ஜாடிக்குள்ள போட்ட மணிதான் இது, அதனாலதான் மங்கிப்போச்சு. சாயமா இருந்தா இந்நேரம் வெளுத்திருக்கோணும்."

மணியை எடுத்து, அப்பன் தோள்ல கிடந்த வெள்ளைத் துண்டுல அழுத்தித் தேய்ச்சாளாம். துண்டு வெள்ளையாவே இருந்துச்சு. மணி, மங்கினாலும், சிவப்பாவே இருந்துச்சு.

அப்புறம் மயிலாத்தா, குழியில கிடந்த நாச்சாயியோட மணியை எடுத்துக் கல்லுமேல வெச்சா. "தட்டட்டுங்களா அத்தை?"

"தட்டு, தட்டு. எனக்கென்ன பயம்?"

ஒரே தட்டு. சில்லுச் சில்லாத் தெறிச்சுதாம். ஒரு கிழவி குனிஞ்சு பாத்துட்டு, "அடியே நாச்சாயி, ஒடஞ்ச வளையலாட்டம் இருக்குதே! கண்ணாடியவா கன்னத்துல வெச்சுக் கொஞ்சிட்டிருந்தே?"ன்னு கேட்டாளாம்.

நாச்சாயி வாய்த்துடுக்குக்காரி. ஆனா நல்லவதான். கண்ணைத் துடைச்சுக்கிட்டு, மருமகளோட பவளத்தைத் தன் கையாலயே கோக்க உக்காந்தாளாம். எட்டு மணியை எடுத்துக்கிட்டு, அழகு கெட்டுப்போயிருமேன்னு மங்கினதை மட்டும் ஓரமா ஒதுக்கி வெச்சா.

அன்னையில இருந்து அந்தக் கல்லுக்குழிக்குப் பொங்குகுழின்னு பேராச்சு. இப்பவும் நம்மூருக்கு எந்தப் பவளம் வந்தாலும், ஒரு மணியை அதுல போட்டு மங்க வெச்சு, நடுவுலதான் கோப்பாங்க. மணவறையில உக்காந்த பொண்ணு, அன்னைக்கு மயிலாத்தா கேட்டதையே மாமியாகிட்டக் கேக்கோணும்:

"அத்தை, அந்த மங்கின மணியை நடுவுல வெச்சுக் கோத்துக் குடுங்க."