பதினான்காம் நாள் எண்ணிக்கை

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, உடன் பணியாற்றும் பேராசிரியர்களே, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் அழவும் முடியாமல் இருக்கும் ஆல்வினின் மனைவி, தங்கை ஜெனிஃபர் அவர்களே! வணக்கம்.

நேற்று முன்தினம் காலை ஒன்பது மணிக்கு ஆல்வின் என்னோடு தேநீர் குடித்தார். பத்து மணிக்கு நம் விலங்கியல் ஆய்வகத்தில், கையில் தண்ணீர்க் குவளையோடு சரிந்து கிடந்தார். நாற்பத்தாறு வயது! எப்படி நம்புவது? எப்படி ஐயா நம்புவது?

அவர் பதவி ஆய்வக உதவியாளர். இந்தக் கல்லூரி அவருக்கு வைத்த பெயர் ‘புழு’. அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்காதவர் இந்த மேடையில் யாராவது உண்டா? கையைத் தூக்குங்கள். என் கையும் எழாது.

ஆலைக் கழிவு ஓடும் கால்வாய் ஓரம் நாற்று நடுகிற தேவகி, மூன்று ஆண்டுகளுக்கு முன் சோற்று வாளியில் மண் கொண்டுவந்தார். “சார், இதுல நின்னா காலு எரியுது. ஆபீசருங்க ஒண்ணியும் இல்லன்றாங்க. நீ இன்னானு பாரு.”

ஆல்வின் அந்த மண்ணை டப்பாக்களில் நிரப்பி, டப்பாவுக்குப் பத்து மண்புழுக்கள் விட்டார். பக்கத்தில் நல்ல மண். அதிலும் அதே கணக்கு. ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் மண்ணைக் கொட்டி, ஒவ்வொரு புழுவையும் தலைப்பக்கம் மெல்லத் தொட்டு, நெளிகிறதா என்று பார்த்து எண்ண வேண்டும். அவ்வளவுதான் சோதனை. அதற்கு இயந்திரம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

முதல் முறை நல்ல மண்ணிலும் புழுக்கள் செத்தன! கல்லூரிக் குடிநீர்த் தொட்டியில் அன்றுதான் பிளீச்சிங் பவுடர் கொட்டியிருந்தார்கள். தெரியாமல் அந்தத் தண்ணீரைத் தெளித்துவிட்டார். “இன்னா சார், நல்ல மண்ணையும் சாவடிச்சிட்டியே!” என்று தேவகி கேட்டார். “அந்தத் தண்ணியத்தாம்மா நாங்க நாளெல்லாம் குடிச்சினு கீறோம்” என்றார் ஆல்வின். அன்றிலிருந்து வண்டியில் கேன் மாட்டிக் கிணற்றுத் தண்ணீர்தான் கொண்டுவந்தார்.

அடுத்த இரண்டு சோதனைகளும் சரியாக வந்தன. ஆனால் உதவியாளர் கையெழுத்து செல்லாதாம். பேராசிரியர் போட வேண்டுமாம். இரண்டு முறையும் அறிக்கை என் மேசைக்கு வந்தது. இரண்டு முறையும் நான் போடவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. போட்டால் போய்விடும் என்று சொன்னவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். நான் போடவில்லை, பதவியும் வரவில்லை. அது யாருக்குப் போனது என்பதை நான் மறக்கவில்லை. ஆல்வின் என்ன சொன்னார் தெரியுமா? “வுடுங்க சார். புழு இன்னா கையெழுத்தா கேக்குது? மறுபடியும் வெப்போம்.”

வைத்தார். ஏழாம் நாள், நல்ல மண்ணில் நாற்பதுக்கு நாற்பதும் உயிரோடு இருந்தன. கால்வாய் மண்ணில் நாற்பதுக்குப் பதினொன்று! திங்கட்கிழமை ஆலைக் கழிவு பற்றி ஆட்சியர் முன் விசாரணை. நாளை பதினான்காம் நாள்.

நேற்று கல்லறைத் தோட்டத்தில், பெட்டியின் மேல் மண் விழுந்துகொண்டிருந்தபோது ஜெனிஃபர் என்னிடம் கேட்டார்: “பதினாலாம் நாளு எண்ணணும்னு சொல்லிக்கினே இருந்தாரு சார். இனிமே யாரு எண்ணுவாங்க?”

அங்கிருந்து நேராக ஆய்வகத்துக்கு வந்தேன். கதவில் புதுப் பூட்டு! ஏன் இந்த அவசரம்? மனிதரைப் புதைத்த மண் காயுமுன் பூட்டா? உள்ளே ஈரம் குறைந்து நல்ல மண்ணின் புழுக்களும் செத்தால் யாருக்கு இலாபம்?

நாளை காலை பத்து மணிக்கு நான் எண்ணுவேன். தேவகியும் இந்தத் தாய்மார்களும் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். எத்தனை உயிரோடு இருந்தாலும் அந்த எண்ணை அப்படியே எழுதி, அதன் கீழே என் பெயரைப் போடுவேன். ஆல்வின், மூன்று ஆண்டுகள் தாமதம். மன்னிப்புக் கேட்க நீங்கள் இல்லை.

அடுத்து ஒரு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. முதல்வர் அவர்களே, அந்தப் புதுப் பூட்டின் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. அதை இந்த மேசைமேல் வையுங்கள்.

பிறகு எல்லோரும் எழுந்து நிற்போம்.