எந்த ஏ.ஹேமலதா

03.03.2025 திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் சுடர்விழி விசாரித்ததில், த/பெ ஏழுமலை, க/பெ சாமிக்கண்ணு, கதவு எண் 27, மூன்றாவது குறுக்குத் தெரு, நெல்லித்தோப்பு, புதுச்சேரி என்ற விலாசத்தில் வசிக்கும் ஹேமலதா, வயது 38, என்பவர் சொன்னது:

நான் மேற்படி விலாசத்தில் கணவருடனும் மகள் அபியுடனும் குடியிருந்து வருகிறேன். என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. நான் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, பல்கலைக்கழகக் கணினி மையத்தில் பதினொரு வருடமாக ஒப்பந்த ஊழியராக வேலை பார்த்து வந்தேன். வளாகம் முழுவதற்கும் நெட் கொடுப்பது, யாருக்கு என்ன கணக்கு, எதை யார் திறக்கலாம் என்று பார்த்துக்கொள்வது எங்கள் மையத்தின் வேலை. மழைக்காலத்தில் ஸ்விட்ச் பெட்டிக்குள் பாம்பு இருந்தபோது நிரந்தர ஊழியர்கள் நான்கு பேர் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், கம்பை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். இது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று உதவி ஆய்வாளர் அம்மா சொன்னார்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது, எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கை அன்றே மூட வேண்டும் என்பது விதி. மூடுவதற்கு இயக்குநர் ஜானகிராமனின் கையெழுத்து வேண்டும். நாற்பத்திரண்டு கணக்குகளை மூடச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் “கெடக்குட்டும்மா, சோறா கேக்குது?” என்று சொல்லித் தாளை மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த நாற்பத்திரண்டில் ஒன்று, இரண்டு வருடத்துக்கு முன்பு வேலையை விட்டுவிட்டுப் பிரான்சுக்குப் போன உதவிப் பேராசிரியை ஒருவருடையது. அவர் பெயரும் ஹேமலதாதான். அவருடைய அப்பா அன்பழகன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் பார்த்தால் சிரிக்கும் பழக்கம் மட்டுமே உண்டு.

12.02.2025 புதன்கிழமை மதியம் இயக்குநர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டு, அந்தப் பெண் ஏதோ சான்றிதழ் கேட்பதாகவும், அவர் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிப் புதியதைத் தம்மிடம் தரும்படியும் சொன்னார். எழுத்தில் கேட்டேன். “நம்ம ஆபீசுக்குள்ள என்னாத்துக்கு எழுத்து?” என்றார். எங்கள் மையத்தில் எல்லாமே வாய்மொழிதான், உத்தரவும் அப்படித்தான், மறுப்பும் அப்படித்தான். நான் மாற்றி, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அது என் தவறு. செய்யக்கூடாது என்று பதினொரு வருடம் அடுத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை நானே செய்தேன். அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

அதன் பிறகு 13.02.2025 வியாழக்கிழமை காலை பத்தரை மணியில் இருந்து ஒரு மணி வரை நான் மாணவியர் விடுதியில் வைஃபை பெட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். விடுதிக் காப்பாளர் நிர்மலாதேவி உடன் இருந்தார். அன்று பதினொன்றே கால் மணிக்கு யாரோ அந்தப் பழைய ஆசிரியையின் கணக்கு வழியாக உள்ளே போய், வருகை போதாமல் தேர்வு எழுத முடியாதிருந்த ஆறு மாணவர்களின் வருகையைத் திருத்தியிருக்கிறார்கள். ஆறு பேரில் ஒருவர் இளம்பரிதி. அவர் இயக்குநருடைய மச்சான் மகன் என்பது வளாகத்தில் காபி ஆற்றுகிறவர் வரைக்கும் தெரியும்.

அதன் பிறகு 17.02.2025 அன்று வகுப்பு ஆசிரியர் ஒருவர், தாம் போட்ட வருகை மாறியிருப்பதாகப் புகார் செய்தார். நான் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். எந்தக் கணினியில் இருந்து யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்பது அதில் நிமிடக் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு உள்ளே வந்தது சி-14 என்ற இணைப்பில் இருந்து. சுவரில் அந்த எண்ணை ஒட்டியது நான். அது இயக்குநர் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிறது. நேராகப் போய் அவரிடமே சொன்னேன். “நான் பாத்துக்கறேன், நீ வாயத் தொறக்காத” என்றார்.

அதன் பிறகு 20.02.2025 அன்று மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு என்னை அழைத்தது. சாட்சி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். குழுத் தலைவர் கையில் ஒரு தாள் இருந்தது. அதை இயக்குநர் கொடுத்ததாகப் பிறகு அறிந்தேன். தாளை என் பக்கம் திருப்பவே இல்லை. “ஏ.ஹேமலதா நீதானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அந்தப் பேர்ல இருக்கிற கணக்கு உன்னுதுதானே?” என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். அவ்வளவுதான் விசாரணை. வாசலில் வைத்து, மாணவர்கள் பார்க்க, கழுத்தில் இருந்த அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் கையில் கொடுத்த வேலைநீக்க உத்தரவைப் படித்தபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

என் அப்பா ஏழுமலை. தமிழில் என் இனிஷியல் ஏ. ஒன்றாம் வகுப்பில் இருந்து நான் ஏ.ஹேமலதா. மையத்து வருகைப் பதிவேடு தமிழில் இருப்பதால் அதிலும் அப்படியே இருக்கிறது. ஆனால் கணக்குகள் ஆங்கிலத்தில் இருப்பவை. ஏழுமலைக்கு ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஈ, அதனால் என் கணக்கு ஈ-ஹேமலதா. அன்பழகனுக்கு ஆங்கிலத்தில் ஏ, பி, சி, டியில் வரும் ஏ. திருட்டு நடந்த கணக்கு அந்த ஏ-ஹேமலதா. முனைவர் பட்டம் வாங்கிய மூன்று பேர், என் அப்பன் பெயரின் முதல் எழுத்தை இங்கிலீஷ் எழுத்து என்று படித்து, நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதி, என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு பேரும் ஹேமலதா என்பது என்னைத் தவிர அங்கே தெரிந்த ஒரே ஆள் இயக்குநர். அவர் அந்த அறையிலேயே, மூன்றாவது நாற்காலியை அடுத்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். எனக்கு அழுகை வரவில்லை, அந்த டீ கிளாஸைப் பிடுங்கி அவர் மேலேயே ஊற்றியிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது.

அதன் பிறகு எழுத்து விவரத்தை விளக்கிக் குழுவுக்கு மனு கொடுத்தேன். 24.02.2025 அன்று மாலை ஐந்து மணிக்கு இயக்குநர் என் வீட்டுக்கு வந்தார். “தப்பு நடந்துபோச்சிம்மா, இனிஷியல்ல வந்த கொழப்பம், நானே கமிட்டில சொல்லிடறேன். அந்த சொல்தா வூட்டுப் பொண்ணு போன் பண்ணி பாஸ்வேர்ட மாத்தச் சொல்லுச்சின்னு மட்டும் ஒரு வரி எழுதிக் குடு. அது பிரான்சுல கீது, யாரு போயி புடிச்சாரப் போறாங்க? திங்கக்கெழம வந்து உன் சீட்ல குந்திக்கோ” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். என் கணவர், “எழுதிக் குடுத்துடு. உன்னத் தூக்கிப் போட்டப்போ அந்தப் பொண்ணா வந்து நின்னுது?” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அபி பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அன்று இரவு முழுக்க யோசித்தேன், மறைக்கவில்லை. அந்த ஒரு வரி எழுதினால் பாஸ்வேர்டை மாற்றிய என் தவறும் மூடிப்போகும், வேலையும் வரும். மறுநாள் அந்தப் பெண்ணின் நம்பரை வாங்கிப் போன் செய்தேன். விவரத்தைக் கேட்டு, “அக்கா, நான் அந்தக் கணக்கு இருக்குதுன்றதையே மறந்துட்டேனே. இங்க பள்ளிக்கூட வேலைக்கி எழுதிப் போட்டிருக்கேன், ஊர்ல போலீஸ் கேசு இருக்குதான்னு கேப்பாங்க” என்றார். என்னை எந்த எழுத்தை வைத்து மாட்டினார்களோ அதே எழுத்தை வைத்து நான் இன்னொருத்தியை மாட்ட வேண்டும் என்கிறார் அந்த மனிதர். எழுத மாட்டேன் என்று அவருக்குப் போனில் சொல்லிவிட்டு, இங்கே வந்தேன்.

சி-14 பற்றிய பதிவு மையத்தில் தொண்ணூறு நாள் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். பதினெட்டு நாள் போய்விட்டது. என்னை உள்ளே விடமாட்டார்கள், நீங்கள்தான் போய் எடுக்க வேண்டும்.

நான் சொன்னதை எழுதி முடித்த பிறகு உதவி ஆய்வாளர் அம்மா பேனாவை வைத்துவிட்டு, “இந்தப் பாஸ்வேர்டு மாத்துனது, சீட்டு குடுத்தது, இத்த எடுத்துடலாமாம்மா? உம்மேலயும் கேஸ் வரும், வேல திரும்பக் கெடைக்காது” என்று கேட்டார்கள். எடுத்துவிட்டால் பாஸ்வேர்டு அவர் கைக்கு எப்படிப் போனது என்பதும் போய்விடும், அவர் தப்பிவிடுவார், வேலை போனால் போகட்டும், அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன்.

இதில் உள்ளது அனைத்தும் நான் சொன்னதே. எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் சொல்லவில்லை. ஆசை காட்டியவருக்குச் சொன்ன பதில் மேலே இருக்கிறது.

(ஒப்பம்)
ஹேமலதா