முயலுக்கு ஒரு ஒப்பந்தம்

— அந்த வக்கீல் என் மனசுக்குள்ள புகுந்து பார்த்த மாதிரி பேசினாருடா தம்பி.

— எந்த வக்கீல்க்கா?

— பொம்மைக் கம்பெனி வக்கீல்தான், வேற யாரு? என் கதைப் புத்தக முயலை வாங்க வந்த மகராசன். உட்கார்ந்ததும் உட்காராததுமா, "புத்தக அட்டையில உங்க பேர் கண்டிப்பா இருக்கும்மா. ஆனா முயலை வச்சு இனிமே கதை எழுதறது, படம் போடறது எல்லாம் எங்க உரிமை"ன்னாரு.

— அப்படித்தான்க்கா கேப்பாங்க. உச்சியில ஆரம்பிச்சுப் படிப்படியா இறங்கணும்னு எங்க ஒப்பந்தச் சட்ட வகுப்புலயே சொல்லித் தர்றாங்க.

— எங்கடா இறங்கினாரு? எடுத்த எடுப்புல என் அடிமடியில இல்ல கை வச்சாரு! வேற வழியே இல்லன்னா பேருக்காகக் கதையை விட்டுடுவேன்னு நான் யார்கிட்ட சொன்னேன்?

— யார்கிட்டக்கா?

— யார்கிட்டயா? போன வாரம், இதே சாப்பாட்டு மேஜையில, "நான் கம்பெனியாம், நீ நீயாம், பேரம் பேசிப் பழகலாம் வாக்கா"ன்னு கூப்பிட்டது யாரு?

— பேசிப் பழகினா உனக்குத் தைரியம் வரும்னுதான்…

— "கடைசியா எதுவரைக்கும் இறங்குவே, மறைக்காம சொல்லு, அப்பதான் காப்பாத்த முடியும்"னே. கட்டினவர்கிட்டகூட சொல்லாததை உன்கிட்ட கொட்டினேன்.

— தப்பு நடந்துபோச்சுக்கா. அந்தப் பயிற்சியை அப்படியே வகுப்புல வீட்டுப்பாடமா எழுதிக் குடுத்துட்டேன். எங்க வாத்தியாரும் அந்த வக்கீலும் ஒரே ஆபீஸ்.

— அடப்பாவி! எதிராளி கையிலயே கொண்டுபோய்க் குடுத்தியா?

— தெரியாதுக்கா. சத்தியமா.

— என் பொண்ணு காய்ச்சல்ல கிடந்தப்ப அவளைச் சிரிக்க வைக்க வரைஞ்ச முயல்டா அது. இனிமே அதுக்கு ஒரு மீசை வரையணும்னாலும் அவங்ககிட்ட கை கட்டி நிக்கணுமா? வயிறு எரியுது.

— அழாதேக்கா.

— சரி, விடு. உன்னைத் திட்டி என்ன ஆகப்போகுது? நல்லவேளை, இன்னும் கையெழுத்துப் போடல. மறுபடி பேச நாளைக்கு அவங்க ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க. எனக்குப் பேரே வேணாம்டா, முயல் என்கிட்ட இருந்தாப் போதும். இதையாவது வெளிய விடாதே. நாளைக்கு நீயும் வா.

— வருவேன்க்கா.

— வந்துதான் ஆகணும். பண்ணின கூத்துக்கு என் பக்கத்துல உட்கார்ந்து பேசு.

— உன் பக்கத்துல உட்கார முடியாதுக்கா. நாம பேசிப் பழகினோமே, அதுக்கு முன்னாடியே நான் அந்தப் பொம்மைக் கம்பெனியில வேலைக்குச் சேர்ந்துட்டேன்.