பார் விளையாடுகிற பெண்ணின் முகம்

ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லைனுக்குத் தண்ணீர் காலையில் சற்று நேரம்தான் வரும், ஐயா. யார் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் அதற்குள்ளேயே பேசி முடித்துவிடுவோம். நான் போர்டு எழுதுகிற பெயிண்டர், தனிக்கட்டை. எனக்கு ஒரு வாளி போதும். ஆனாலும் கடைசிச் சொட்டு வரை நிற்பேன்.

நந்திதுர்க் மைதானத்தில் கூடாரம் எழும்பும் முன்பே சர்க்கஸ்காரர்கள் வாசலுக்குப் பெரிய படம் கேட்டார்கள். ஆட்டக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. யாரைப் பார்த்து வரைவது? சிங்கக்காரனுக்கு எங்கள் மேஸ்திரியின் மீசையைக் கொடுத்தேன். கோமாளிக்கு எங்கள் லைன் சின்னசாமியின் மூக்கு. அவனே வந்து பார்த்துப் பூரித்துப் போனான். அந்தரத்தில் பார் விளையாடுகிற பெண்ணுக்கு, குட்டை உடையில், பக்கத்து வீட்டு லீலாவின் முகம்.

மறுநாள் குழாயடியே லீலாவைப் பார்த்துச் சிரித்தது. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜ் கூண்டில் அவள் புருஷன் வேலாயுதத்தை, "இன்னா வேலு, உம் பொண்டாட்டி அந்தரத்துல தொங்குதே, எங்களுக்கெல்லாம் பாஸ் உண்டா?" என்று கேட்டார்களாம். லீலா கெட்டிக்காரி. அடுத்த நாள் காலை எல்லார் முன்னாலும் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "வாசுண்ணா, அது நானா? வெந்த கெழங்கு மாதிரி கீது. மனுசங்க மூஞ்சி உங்களுக்கு வராது, எழுத்த மட்டும் எழுதிக்கினு இருங்க." வேலாயுதம்கூடச் சிரித்துவிட்டான். விஷயம் அதோடு முடிந்தது, அவர்களுக்கு.

அன்று மதியம் ஏணியோடு போனேன். முகத்தை நான் தொடவில்லை. அதில் குறையே கிடையாது. இடது தொடையில் காசளவு ஒரு மச்சம் வைத்தேன். எங்கள் இரு வீட்டுக் குளிக்கிற இடத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மூங்கில் தட்டி. அதில் ஓட்டை நான் போட்டதில்லை. இருந்ததைக் கொஞ்சம் பெரிதாக்கினேன், அவ்வளவுதான்.

ஷிப்ட் முடிந்து வேலாயுதம் அந்த வழியாக வந்தான். எதிர்க் கடையில் டீ குடித்தபடி பார்த்தேன். என் படத்தின் முன்னால் யாரும் அப்படி நின்றதில்லை.

நான் முந்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். முதலில் என் கதவைத்தான் உதைத்தான். தாழ்ப்பாள் நல்ல தாழ்ப்பாள். பிறகு தன் வீட்டுக்குள் போனான். "அந்த மச்சம் அவனுக்கு எப்பிடித் தெரியும்?" இதையே திரும்பத் திரும்பக் கேட்டான். லைன் வீடுகளில் சுவர் கூரை வரை எட்டாது. இருந்தும் என் ரேடியோ பாடிக்கொண்டிருந்ததால் சரியாகக் காதில் விழவில்லை. அணைத்தேன்.

"வாசுண்ணா, சும்மா வச்ச மச்சம்னு சொல்லுங்கண்ணா. அது நான் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கூப்பிடவில்லை.

அடித்தது வேலாயுதம்தான். நான் வாயைத் திறந்திருந்தால் அவள் இன்று குழாயடிக்கு வந்திருப்பாள். அதை மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் கேட்டது ஒரு பொய். எனக்குப் பொய் சொல்ல வராது, ஐயா.