மூன்றாம் முறை எடுத்த சீட்டு

செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது நாற்பது. முதல் குண்டு தெருமுனையில். கண்ணாடி சிதறுகிறது. இரண்டாவது இன்னும் அருகில். நான் மாடிப்படியில் நிற்கிறேன். பதினான்கு படி. கீழிருந்து மகன் சாமுவேல் கத்துகிறான்.

"அப்பா, குனிங்க! ஜல்தி, ஜல்தி!"

குனிந்தேன். தலைக்கு மேல் சுவர் போயிற்று.

இது சூடான். தலைநகரம். மருமகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவி கிருபையும் ஆரணியிலிருந்து வந்திருந்தோம். குழந்தை பிறந்து பத்தொன்பதாம் நாள் சண்டை மூண்டது. கீழறையில் ஐந்து பேர். ஒரு ஜன்னல். மூன்று கேன் தண்ணீர்.

நாங்கள் ஏன் அங்கே இருந்தோம்? அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சாமுவேல் ஆரணியில் விசைத்தறி மெக்கானிக். பக்கத்து ஊர் முள்ளிப்பட்டுவரை அவனைத்தான் கூப்பிடுவார்கள். சூடான் நெசவாலை ஒன்றில் வேலை வந்தது. அவனுக்கு மனமில்லை. எனக்கு ஆசை. கர்த்தரிடம் கேட்போம் என்றேன். எங்கள் வீட்டில் கல்யாணம், வேலை எல்லாவற்றுக்கும் சீட்டுதான். 'போ' என்று ஒன்று. 'இரு' என்று ஒன்று. மடித்து வேதாகமத்தின்மேல் வைப்போம். ஜெபித்துவிட்டு ஒன்றை எடுப்போம்.

மூன்று நாள் உபவாசம். கிருபை எடுத்தாள். 'இரு'.

மனதை ஒருமுகப்படுத்தவில்லை என்றேன். மறுபடி எடுக்கச் சொன்னேன். 'இரு'.

"கர்த்தர் ரெண்டு தபா சொல்ட்டாரு. இன்னும் இன்னாத்த கேட்டுகினு கீறீங்க? அவருக்கும் நீங்க கணக்கு வாத்தியாரா?" என்றாள். சாமுவேல் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மூன்றாம் முறை நானே எடுத்தேன். 'போ'.

ஸ்தோத்திரம் என்றேன். அந்த ஞாயிறே சபையில் எழுந்து, கர்த்தர் வழிகாட்டினார் என்று சாட்சி சொன்னேன். முதல் இரண்டு சீட்டைச் சொல்லவில்லை. அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை. போனான்.

பதினோராம் நாள். வெள்ளி. தண்ணீர் அரை கேன். மருமகளுக்குப் பால் வற்றிவிட்டது. குழந்தை கத்துகிறது. தண்ணீருக்கு நான் போகிறேன் என்றேன்.

"நீங்க போனா ஒவ்வொரு சொட்டா எண்ணிகினு வருவீங்க. ஒக்காருங்கப்பா" என்றான் சாமுவேல்.

தெருக்குழாய் தொண்ணூற்றாறு எட்டு தூரம். போனான். நிரப்பினான். திரும்புகிறான். சீழ்க்கை போல ஒரு சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று.

"சாமு, படுத்துக்கடா!" கிருபையின் குரல்.

நான்கு எண்ணவில்லை.

மாலை நான்கு பத்து.

ஆரணிக்கு வந்த ஆறாம் நாள் சபை மூப்பர் வந்தார்.

"சார், நாலு பேர உயிரோட கொண்டாந்து விட்டாரே. ஞாயித்துக்கெழம சாட்சி சொல்லுங்க. சாமு விஷயம் தேவ சித்தம் சார்."

எழுந்து நின்றேன்.

"எதுய்யா தேவ சித்தம்? அவரு இருன்னாரு. ரெண்டு தபா இருன்னாரு. அனுப்பினது நான்யா!"

கிருபை என்னை உட்காரச் சொல்லவில்லை.

என் கோபம் கர்த்தர்மேல் இல்லை. அவர் தெளிவாகத்தான் சொன்னார். குண்டு போட்டவன்மேல் கோபம். அவனைவிட என்மேல். பிடித்த பதில் வரும்வரை சீட்டைத் திருப்பிப் போட்டு, பிறகு அதற்கு ஆண்டவர் பெயரை வைக்கும் ஒவ்வொரு அப்பன்மேலும். அது ஜெபம் அல்ல. அடம். அவரை இன்றும் நம்புகிறேன். அவர் 'இரு' என்றால் இருங்கள். பிள்ளை உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்.

இழந்தவை. பெட்டி ஐந்து. அவனுடைய ஸ்பேனர் செட் ஒன்று. மருமகளுக்குக் கணவன். இருபத்தொன்பது நாள் குழந்தைக்குத் தகப்பன். எங்களுக்கு மகன். இருந்தது ஒருவன்தான். வயது முப்பத்திரண்டு.

அவனை அங்கேயே, பக்கத்துப் பள்ளி மைதானத்தில் புதைத்தோம். அக்கம்பக்கத்தார் மூவர் என்னோடு தோண்டினார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு மீட்புப் பேருந்து. சிலுவை நட நேரமில்லை. கிழக்குச் சுவரிலிருந்து பதினேழு எட்டு தூரம். எண்ணி வைத்துக்கொண்டேன்.

அந்தச் சுவர் இப்போது இல்லையாம். போன வாரம் தகவல் வந்தது. எங்கிருந்து எண்ணுவது?