பெருசு அல்லது சமம்

கயல்விழி: செருப்ப வெளிய உடு. நஞ்சுண்டன் சார் பாத்தா லேபையே மூடிப்போடுவாரு.

லோகப்பிரியா: உட்டுட்டுத்தானுங் அம்மணி வாரேன். உன்ற செருப்பு ஒண்ணுதான் கெடந்துச்சு. சனிக்கெழம மத்தியானத்துல தனியா உக்காந்து என்ன பண்ற? ஏசி காத்து வாங்கறியா?

கயல்விழி: ஏசி சார் ரூம்புல மட்டுந்தான் ஓடுது. இங்க வேர்த்து ஊத்துது. நீ எதுக்கு வந்த? அவிநாசிக்குப் பஸ் ஏறியிருப்பீன்னு நெனச்சேன்.

லோகப்பிரியா: பெங்களூர்க் கம்பெனி இன்டர்வியூக்கு லிஸ்ட் எடுத்தாச்சுன்னு கதிர் சொன்னான்...

கயல்விழி: அவனுக்கு வேற வேலயில்ல.

லோகப்பிரியா: எடுத்தாச்சா இல்லியா?

கயல்விழி: பிரிண்டர் மேல கெடக்குது. பாத்துக்க.

லோகப்பிரியா: ஒம்பது... பத்து... கயலு! பன்னெண்டாவது நானு!

கயல்விழி: ம்.

லோகப்பிரியா: பன்னெண்டு பேரத்தான பாக்கறாங்க?

கயல்விழி: பன்னெண்டே பேரு. பதிமூணாவது ஆளு திங்கக்கெழம கேன்டீன்ல உக்காந்து டீ குடிக்கலாம்.

லோகப்பிரியா: பதிமூணு... அய்யோ. கயலு.

கயல்விழி: பேரப் படிச்சுட்டியா? மார்க்கையும் படி.

லோகப்பிரியா: உனக்கும் எனக்கும் ஒரே மார்க்கு!

கயல்விழி: புள்ளிக்குப் பொறகு வர்றதும் ஒண்ணுதான்.

லோகப்பிரியா: பொறகெப்படி நானு மேல, நீ கீழ?

கயல்விழி: கம்ப்யூட்டர் போட்டுச்சு.

லோகப்பிரியா: வெளையாடாத. புரோகிராம் எழுதுனது நீ.

கயல்விழி: அதத்தான் காலையில இருந்து எனக்கு நானே சொல்லிட்டிருக்கறேன்.

லோகப்பிரியா: எனக்கும் புரியறாப்ல சொல்லு. மெர்ஜுன்னாலே எனக்குத் தல சுத்தும்.

கயல்விழி: ஏ பேட்ச்சுக்கு ஒரு ரேங்க் லிஸ்ட், பி பேட்ச்சுக்கு ஒண்ணு. ரெண்டும் ஏற்கனவே மார்க் வரிசையில இருக்குது. அத ஒரே வரிசையாக்கோணும், அவ்வளவுதான். ரெண்டு கட்டு பரிச்சப் பேப்பர்னு வெச்சுக்க. எச்சா மார்க் மேல. ரெண்டு கட்டுலயும் மேல கெடக்கற பேப்பர மட்டும் பாரு. எதுல எச்சோ, அத எடுத்துத் தனியா அக்கட்டால வெய்யி. மறுபடி மேல இருக்கற ரெண்டப் பாரு...

லோகப்பிரியா: அடியில இருக்கறத?

கயல்விழி: மேல வர்ற வரைக்கும் அவங்கள ஆரும் கேக்கறதில்ல.

லோகப்பிரியா: ஒரு கட்டு மொதல்ல தீந்துபோச்சுன்னா?

கயல்விழி: இன்னொரு கட்டுல மிச்சமிருக்கறத அப்படியே அள்ளிக் கடைசில வெக்கோணும். மொதத்தடவ அத எழுத மறந்துபோட்டேன். தமிழ்வேந்தனும் அவன் சேக்காளிக நாலு பேரும் லிஸ்ட்லயே காணாமப் போயிட்டாங்க.

லோகப்பிரியா: கிளாஸ்லயும் அவங்க அப்படித்தான!

கயல்விழி: கடைசில நிக்கறவங்கன்னா உனக்குச் சிரிப்பு.

லோகப்பிரியா: சும்மா சொன்னேன், அதுக்குப் போயி... சரி, ரெண்டு கட்டுலயும் மேல ஒரே மார்க் இருந்தா?

கயல்விழி: பரவால்லியே. இத்தன நாளா உன்னைய மரமண்டன்னு நெனச்சுட்டிருந்தேன்.

லோகப்பிரியா: சொல்லு புள்ள.

கயல்விழி: ஸ்கிரீனப் பாரு. இந்த வரி. ஏ-வோட மார்க் பெருசு அல்லது சமம்னா, ஏ-வ எடு. அந்தச் 'சமம்' இருக்கறதால ஏ பேட்ச் ஆளு முன்னாடி போகுது. அந்த ஒத்தக் குறிய அழிச்சுட்டா, சமமா இருந்தா பி பேட்ச் ஆளு முன்னாடி.

லோகப்பிரியா: நானு ஏ. நீ பி.

கயல்விழி: அட்மிஷனுக்கு மொத நாளே கார்ல வந்து எறங்குனவங்க ஏ. சாதிச் சர்ட்டிபிகேட்டுக்குத் தாலுக்கா ஆபீஸ்ல அலைஞ்சுபோட்டுக் கடைசி நாள் ஓடியாந்தவங்க பி.

லோகப்பிரியா: எழுதறப்ப இத நீ யோசிக்கவே இல்லியா?

கயல்விழி: இல்ல. அதுதான் வயிறெரியுது. கை தானாப் போட்டுச்சு. கிணத்துக்கடவுல எங்கப்பா, எதுக்க ஆரு வந்தாலும் 'நீங்க போங்க'ன்னு ரோட்ட உட்டு எறங்கி நிப்பாரு. சின்னப் பசங்க சைக்கிள்ல வந்தாலும் எறங்குவாரு. அதுக்காக அவரோட எத்தன சண்ட போட்டிருக்கறேன்... இங்க வந்து, ஆரும் கேக்காமயே, புரோகிராம்ல நானே எறங்கி நின்னிருக்கறேன்.

லோகப்பிரியா: மொத நாளு ஹாஸ்டல்ல நீ என்னைய 'வாங்க'ன்னுதான் கூப்பிட்ட.

கயல்விழி: நீ என்னைய 'வா'ன்ன.

லோகப்பிரியா: அத இன்னும்...

கயல்விழி: அன்னிக்கு ராத்திரியே நானும் 'வா போ'ன்னு மாத்திக்கிட்டேன். அதுக்கு எவ்வளவு தைரியம் வேணுமின்னு உனக்குத் தெரியாது.

லோகப்பிரியா: ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்குன்னு சார்கிட்டச் சொல்லலாமில்ல?

கயல்விழி: சொல்லிட்டேன். 'கம்ப்யூட்டர் என்ன போடுதோ அதுதாம்மா, அதுல நம்ம கை வெக்கக் கூடாது'ன்னாரு.

லோகப்பிரியா: அதுல இருக்கறதே உன்ற கைதான!

கயல்விழி: போயி நீ சொல்லு அவருக்கு.

லோகப்பிரியா: அப்ப... மாத்தப் போறியா?

கயல்விழி: மாத்தட்டுமா?

லோகப்பிரியா: வேண்டாம் கயலு.

கயல்விழி: ஓ.

லோகப்பிரியா: கோவிச்சுக்காத. தோட்டம் அண்ணன் பேருல. அரிசி மில்லு அப்பா பேருல. எங்கூட்டுல என்ற பேர எதுலயும் ஆரும் எழுதுனதில்ல. நானாப் படிச்சு வாங்குன மார்க்கு இது. நோட்டீஸ் போர்டுல ஒருக்கா பாத்துக்கறனே...

கயல்விழி: பாத்துட்டு?

லோகப்பிரியா: பாத்துட்டு... இன்டர்வியூக்கு வருவேன்.

கயல்விழி: செலக்ட் ஆனா பெங்களூருக்கு அனுப்புவாங்களா?

லோகப்பிரியா: அனுப்புவாங்க.

கயல்விழி: அப்பாகிட்டக் கேட்டுட்டியா?

லோகப்பிரியா: கேட்டே... கேட்டுக்கலாம்.

கயல்விழி: எனக்கு இந்த எடம் இல்லீன்னா என்ன ஆகும் தெரியுமா? பரிச்ச முடிஞ்சதும் ஹாஸ்டல் காலி. ஊருக்குப் போவேன். கம்ப்யூட்டர்னா டி.வி. மாதிரியா கண்ணும்பாங்க எங்கம்மா. ஆமாம்மாம்பேன். நானு என்ன படிச்சேன்னு பேசறதுக்கு அங்க ஒரு சீவன் கெடையாது. இங்கயும் நீ ஒருத்திதான்.

லோகப்பிரியா: அழுகறியா?

கயல்விழி: வேர்வ. லோகா... என்கிட்டச் சொல்றதுக்கு உனக்கு வேறெதாச்சும் இருக்குதா?

லோகப்பிரியா: வேறென்ன... ஒண்ணுமில்லியே.

கயல்விழி: வெரல்ல என்ன தடம்?

லோகப்பிரியா: மோதரம். இறுக்கமா இருந்துச்சு, அதான்...

கயல்விழி: செருப்போட சேத்து அதையும் வெளிய கழட்டிட்டியா?

லோகப்பிரியா: என்ன பேசற நீ?

கயல்விழி: உப்புச் சக்கர மாத்தி நிச்சயம் பண்ணியாச்சு. மாப்ள எங்கூருப் பெரிய தோட்டத்துக்காரரு பையன். வைகாசில கல்யாணம். பொண்ண வேலைக்கு அனுப்பற பேச்சே இல்ல.

லோகப்பிரியா: ...ஆரு சொன்னா?

கயல்விழி: அன்னிக்குப் பாத்திரம் கழுவ எங்கூர்ல இருந்து வேன்ல கூட்டியாந்தாங்கள்ல, உங்கூட்டுப் பொறவாசலுக்கு? அதுல பழனியாத்தாள்னு ஒருத்தங்க. எங்கம்மா.

லோகப்பிரியா: கயலு...

கயல்விழி: 'பொண்ணு உன்றாட்டமே கம்ப்யூட்டர் படிக்குதாமா கண்ணு, உனக்குத் தெரியுமா'ன்னாங்க. தெரியாதுன்னுட்டேன்.

லோகப்பிரியா: உன்கிட்ட மறைக்கோணும்னு இல்ல. சொன்னா உன்னையக் கல்யாணத்துக்குக் கூப்பிடோணும். நீ வருவ. அவிய ஊர்ல, அவிய ஆளுக முன்னால, உன்னைய எந்தப் பந்தில உக்கார வெப்பாங்க? என்னால என்ன பேச முடியும்? அதுக்குப் பயந்துட்டுத்தான்...

கயல்விழி: ம். அங்கயும் ரெண்டு வரிச.

லோகப்பிரியா: நீ மாத்திரு. இப்பவே மாத்திரு. என்ற பேரு வேண்டாம், உன்ற பேரு முன்னாடி வரட்டும். நானே சார்கிட்ட வந்து சொல்றேன், நானா உட்டுக்குடுத்தேன்னு...

கயல்விழி: நீ உட்டுக்குடுத்து எனக்கு வேண்டாம். ஸ்கிரீன்ல இருக்கறது பழைய புரோகிராம், உன்ற கையில இருக்கறது பழைய லிஸ்ட். காலையிலயே அந்தச் 'சமம்' அழிச்சு வேற பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டேன், சார் கையெழுத்தும் போட்டுட்டாரு. பன்னெண்டாவது நாந்தான். கல்யாணத்தப் பத்தி நீயா வாயத் தொறந்து சொல்லுவியான்னு பாக்கத்தான் இவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன். அந்தத் தாள மடிச்சு வெச்சுக்குங்க, உங்க பேரு முன்னாடி இருக்கறது அது ஒண்ணுதான். மோதரத்த மறந்துராதீங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு... நீங்க போங்க.