இழக்க இழக்கச் சூடேறும் கூட்டம்

தலைமை வீற்றிருக்கும் நூலகர் அவர்களே! மூட்டுவலியோடு மூன்று மாடி ஏறிவந்த ஓய்வுபெற்ற கம்பவுண்டர் அண்ணன் அவர்களே! கடையைப் பூட்டிவிட்டு வந்த தையற்காரத் தம்பி அவர்களே! கைக்குழந்தையோடு அமர்ந்திருக்கும் தாயே! என்னோடு ஐந்து பேர். குழந்தையைச் சேர்த்தால் ஐந்தரை. பதினெட்டுக் காலி நாற்காலிகளே, உங்களுக்கும் என் வணக்கம்!

ஆள் குறைந்துவிட்டதால் இந்த அறிவியல் வாசகர் வட்டத்தை மூடிவிடலாமா என்று நூலகர் கேட்கிறார். அதற்குத்தான் பதில் சொல்ல வந்தேன்.

என் வீட்டுக்காரர் ஆண்டவனடி சேர்ந்த பிறகு, அவருக்குக் காய்ச்சல் பார்த்த தெர்மாமீட்டரை ஒருநாள் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டில் குறித்தேன். நாற்பது. நாற்பது. நாற்பது! தண்ணீர் ஆறிவிட்டது, பாதரசம் அசையவில்லை! பெரிய கண்டுபிடிப்பென்று இங்கே ஓடிவந்தேன். அண்ணன் என்ன சொன்னார்?

“அத உதறினாத்தான் இறங்கும், தங்கச்சி! தண்ணி பாவம், அது என்ன பண்ணும்!”

சிரியுங்கள் தம்பி, நன்றாகச் சிரியுங்கள். எட்டு மாதம் கழித்து என் காதில் விழுந்த முதல் சிரிப்பு அன்று நீங்கள் சிரித்ததுதான்.

நூலகர்தான் ஒரு புத்தகத்தை நீட்டினார். “சூட்ட இழந்தும் ஆறாம இருக்கறது உங்க தண்ணியால முடியாது, நட்சத்திரம் பண்ணுதுக்கா, படிங்க.”

நான்கு முறை படித்தேன். விண்மீன் கூட்டத்திலிருந்து ஒரு விண்மீன் வீசியெறியப்படுகிறது. போகும்போது ஆற்றலையும் அள்ளிக்கொண்டு போகிறது. மிஞ்சியவை குளிர்கின்றனவா? இல்லை! நெருங்குகின்றன, நெருங்கியதால் விரைகின்றன, அந்த விரைவுதானே வெப்பம்! இழக்க இழக்கச் சூடேறும் இந்தக் குணத்துக்கு எதிர்மறை வெப்ப ஏற்புத்திறன் என்று பெயர்.

பானைத் தண்ணீருக்கு ஏன் அது வாய்க்கவில்லை? தன் எடையால் தன்னையே இழுத்துக்கொள்ளும் ஈர்ப்பு அதற்குப் போதாது. ஈர்ப்பு வேண்டும், பெரியோர்களே! இழுப்பதற்கு இன்னொன்று வேண்டும்! என் வீட்டில் நான் ஒருத்தி. தொழுது நிமிர்ந்தால் சுவர்க்கடிகாரம்தான் பேசுகிறது. நம் வட்டம் கூடும் செவ்வாய்க்கிழமை வந்தால்தான் என் குரல் எனக்கே கேட்கிறது.

இருபத்து மூவர் இருந்தபோது, கடைசி வரிசையில் இருந்த என்னை யாருக்குத் தெரியும்? இன்றோ, ஒரு வாரம் வராவிட்டால் தம்பி கதவைத் தட்டுகிறார்: “என்னக்கா, உடம்புக்கு முடியலையா?”

குறைந்தோம்! நெருங்கினோம்! சூடேறினோம்!

பொறுத்திருந்து கேட்ட நால்வருக்கும், நடுவில் அழாத குழந்தைக்கும் நன்றி, வணக்கம். நூலகர் அவர்களே, அடுத்த செவ்வாய் நான் வரலாமா, கூடாதா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.